பறக்கும் ரோபோ எங்க ஊருக்கு வந்த கதை

போன தடவை ஏரிகளைப் பத்தி எழுதினேன். இந்தத் தடவை டிவி. "டிவியைப் பத்தி எழுத என்ன இருக்கு?" என்று நினைக்காதீங்க. கொஞ்சம் பொறுமையாகப் படிங்க.

எல்லாம் எங்க பெரியப்பா கேட்ட ஒரு கேள்வியில் ஆரம்பித்தது.

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் நான் மொபைலில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன். தறியிலிருந்து எழுந்து வந்த பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். "கண்ணு, அதுல பழைய படம் எல்லாம் வருமா? நான் சின்னப் பையனா இருக்கச்சொல்ல ஒரு ரோபோ கதை போடுவான். ஒரு பையன் கையில வாட்ச் கட்டிக்கினு பேசுவான், ரோபோ பறந்து வரும். கடைசியில அந்த ரோபோ இன்னா ஆச்சுன்னு பாரேன்" என்றார்.

ஐம்பது வயதைத் தாண்டியவர் நாற்பது வருடமாக ஒரு கதையின் முடிவு தெரியாமல் இருந்திருக்கிறார்! அது என்ன கதை, ஜப்பான்காரன் எடுத்த படம் திருப்புட்குழி வரைக்கும் எப்படி வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

எங்க ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டி சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருப்புட்குழி. புள் என்றால் பறவை. சீதையைத் தூக்கிக்கொண்டு போன ராவணனை மறித்துச் சண்டை போட்ட ஜடாயுவுக்கு ராமர் இறுதிக் கடன் செய்த இடம் இது என்பது தல புராணம். விஜயராகவப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஆக, வானத்தில் பறக்கும் வண்டியும் அதோடு மோதும் பறவையும் எங்க ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதுசு இல்லை :)

முதலில் அந்த ரோபோ

பெரியப்பா சொன்னது "ஜயண்ட் ரோபோ". மித்சுதெரு யோகோயாமா என்ற ஜப்பானிய காமிக்ஸ் ஓவியரின் படைப்பு. டோய் என்ற சினிமா கம்பெனி அதை டிவி தொடராக எடுத்தது. 1967 அக்டோபரிலிருந்து 1968 ஏப்ரல் வரை ஜப்பானில் ஓடியது, மொத்தம் 26 பகுதிகள். அப்புறம் ஓர் அமெரிக்க கம்பெனி அதை வாங்கி ஆங்கிலத்தில் டப்பிங் செய்து, பையனுக்கு "ஜானி சாக்கோ" என்று பெயரும் மாற்றிவிட்டது.

அந்த ஆங்கிலப் பதிப்புதான் எண்பதுகளின் நடுவில் தூர்தர்ஷனுக்கு வந்தது. ஜப்பான் கதை, அமெரிக்கக் குரல், டெல்லி ஒளிபரப்பு, பார்த்தது தறிக்காரர் வீட்டுப் பையன்.

அதே காலத்தில் இன்னொன்றும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் "ஸ்டார் ட்ரெக்". இது அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை ஓடிய தொடர், 79 பகுதிகள். முதலில் ஓடியபோது பார்ப்பவர்கள் குறைவு என்று நிறுத்தப் பார்த்தார்கள். ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்து மூன்றாவது வருடம் வாங்கினார்கள். நிறுத்தின பிறகு சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் மறு ஒளிபரப்பாகித்தான் பெரிய பெயர் எடுத்தது. (அதில் கான் நூனியன் சிங் என்று ஒரு வில்லன் வருவான். வட இந்தியன் என்று கதையில் சொல்வார்கள். நடித்தவர் மெக்ஸிகோகாரர்!)

1967 தொடர் எண்பதுகளில் ஏன் வந்தது? இதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை, காசுதான். டிவி தொடரை எடுத்தவர்கள் சொந்த நாட்டிலேயே பெரும்பாலும் செலவை எடுத்துவிடுவார்கள். வெளிநாட்டுக்கு விற்பது கூடுதல் லாபம். அதனால் நாட்டுக்கு நாடு ஒரு விலை. எவ்வளவு வீட்டில் டிவி இருக்கிறது, வாங்குகிறவரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று பார்த்து விலை சொல்வார்கள். ஒரு மணி நேரம் சொந்தமாக எடுப்பதைவிட ஒரு மணி நேரம் பழைய தொடர் வாங்குவது பல மடங்கு மலிவு. பிலிம் சுருளும் டேப்பும் பெட்டியில் கட்டி ஊர் ஊராக, நாடு நாடாகப் போகும். ஒருத்தர் போட்டு முடித்தால் அடுத்தவருக்கு. எங்க தாத்தா காலத்தில் டூரிங் டாக்கீஸுக்குப் படப்பெட்டி வந்ததே, அதே மாதிரிதான்.

உலகம் முழுக்க இதே கதை. பசிபிக் கடலில் இருக்கும் அமெரிக்க சமோவாவில் 1964-ல் பள்ளிக்கூடப் பாடம் நடத்தத்தான் டிவி கொண்டுவந்தார்கள். பகலில் பாடம் ஓடிய அதே பெட்டியில் ராத்திரியில் அமெரிக்கத் தொடர்கள் ஓடின. நம்ம தமிழர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன பிஜித் தீவில் டிவி ஒளிபரப்பு ஆரம்பித்ததே 1991-ல்தான், அதுவும் ரக்பி உலகக் கோப்பையைக் காட்டுவதற்காக. அதுவரைக்கும் வீடியோ கேசட்தான்.

கோபுரமும் மீன்முள்ளும்

சரி, நம்ம பக்கம் வருவோம்.

இந்தியாவில் டிவி 1959 செப்டம்பர் 15-ல் டெல்லியில் சோதனையாக ஆரம்பித்தது. சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15. அதற்கு இரண்டு வாரம் முன்னால், ஆகஸ்ட் 1-ல் இன்னொரு பெரிய சோதனை ஆரம்பித்திருந்தது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2400 கிராமங்களுக்கு ஒரு வருடம் நேரடியாக டிவி காட்டினார்கள். "சைட்" என்று அதற்குப் பெயர். ஆந்திரா, கர்நாடகா, பீகார், ஒரிஸ்ஸா, ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம். தமிழ்நாடு அதில் இல்லை.

ஆனால் தமிழ்நாட்டைத் தாண்டி, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு வீட்டில் அது தெரிந்தது. கொழும்பில் இருந்த ஆர்தர் சி. கிளார்க் வீட்டில்! அறிவியல் கதை எழுத்தாளர். பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோள் வழியாக உலகம் முழுக்க ஒளிபரப்பலாம் என்று 1945-லேயே கட்டுரை எழுதியவர். அந்த மரியாதைக்காக இந்திய விண்வெளி ஆட்கள் அவர் வீட்டில் ஒரு டிஷ் வைத்துக் கொடுத்தார்கள். அப்போது இலங்கையில் டிவி நிலையமே கிடையாது. அங்கே முதல் நிலையம் வந்தது 1979-ல்தான்.

அப்புறம் 1982-ல் ஆகஸ்ட் 15 கலர் வந்தது, டெல்லியின் தேசிய நிகழ்ச்சியும் வந்தது. 1983 ஆகஸ்ட் 30-ல் இன்சாட்-1பி செயற்கைக்கோளை அமெரிக்காவின் சேலஞ்சர் ஸ்பேஸ் ஷட்டில் தூக்கிக்கொண்டு போனது. அது வேலை செய்ய ஆரம்பித்ததும், 1984-ல் கிட்டத்தட்ட நாளுக்கு ஒரு இடம் என்ற வேகத்தில் நாடு முழுக்கச் சின்னச் சின்ன ஒளிபரப்பு நிலையங்கள் வந்தன.

இங்கே ஒரு வேடிக்கை. ஸ்பேஸ் ஷட்டில் வகையில் முதலில் செய்த சோதனை ஓடத்துக்கு "எண்டர்பிரைஸ்" என்று பெயர். ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் அமெரிக்க அரசுக்குக் கடிதம் எழுதி 1976-ல் வாங்கிய பெயர், தொடரில் வரும் கப்பலின் பெயர். டிவி கதையிலிருந்து பெயர் எடுத்த ஓடத்தின் தம்பிதான், அந்தக் கதையை நம்ம நாட்டுக்குக் கொண்டுவந்த செயற்கைக்கோளைச் சுமந்தது.

நாங்கள் இருப்பது சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். டிவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். தூரம் போகப் போக பூமியின் வளைவு மறைத்துவிடும். அதனால் ஆன்டெனாவை உயரத்தில் கட்டணும். "எங்க முதலாளி வீட்டு மாடியில தென்னமரத்துக்குச் சமானமா பைப்பு நட்டு வெச்சிருந்தாங்க. அதுக்கு ஒரு பூஸ்டர் வேற. காக்கா வந்து உக்காந்தா படம் போயிடும். ஒருத்தன் மேல ஏறித் திருப்பணும், ஒருத்தன் ஜன்னல்ல நின்னு கத்தணும்" என்கிறார் பெரியப்பா. மேலே ஏறுகிற ஆள் பெரும்பாலும் இவர்தானாம். படம் தெளிவாகத் தெரிகிறபோது இவர் மாடியில் இருப்பார்!

மீன்முள் மாதிரி இருக்கும் அந்த ஆன்டெனாவும் ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்ததுதான். 1926-ல் யாகி, உடா என்ற இருவர். அவர்கள் ஊரில் ரொம்ப நாள் யாரும் மதிக்கவில்லை. 1942-ல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பான் படைக்கு ஓர் ஆங்கில ரேடார் ஆளின் குறிப்பு கிடைத்தது. அதில் "யாகி" என்று திரும்பத் திரும்ப வந்தது. அது என்ன வார்த்தை என்று கைதியிடம் கேட்டார்கள். "உங்க ஊர்க்காரர் பேருங்க" என்றாராம்.

தென் மாவட்டங்களில் கதை வேறு. கொடைக்கானலில் பெரிய ஒளிபரப்பு கோபுரம் வரும் வரைக்கும் அங்கே பல ஊர்களில் சென்னை எடுக்காது, இலங்கைதான் எடுக்கும். 1982 பிப்ரவரியில் ஜப்பான் உதவியோடு தொடங்கிய ரூபவாஹினி, கடல் தாண்டி தமிழ்நாட்டுக் கடலோரத்துக்கும் வந்தது. மொட்டை மாடிகளில் ஆன்டெனாக்கள் எல்லாம் தெற்கே பார்த்து நின்றன. சென்னையை நம்பியவர்கள் தூர்தர்ஷனையும், கடலோரத்தில் இருந்தவர்கள் பக்கத்து நாட்டையும் பார்த்து வளர்ந்தார்கள்.

பார்த்தார்கள், புரிந்ததா?

இப்போதுதான் முக்கியமான இடம்.

ஸ்டார் ட்ரெக் ஆங்கிலம். ஜயண்ட் ரோபோ ஆங்கிலம். 1989-ல் தூர்தர்ஷனில் வந்த "ஸ்பேஸ் சிட்டி சிக்மா" இந்தி. தமிழில் என்ன வந்தது? வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை சினிமா, நாடகம், வயலும் வாழ்வும். எல்லாம் நல்ல நிகழ்ச்சிகள்தான். ஆனால் விண்வெளிக்குப் போகணும் என்றால் ஆங்கிலமோ இந்தியோ தெரியணும்.

"ஸ்டார் ட்ரெக் பாத்தீங்களா பெரியப்பா?" என்று கேட்டேன். "காது நீட்டமா ஒருத்தன் வருவானே? ஒரே பேச்சு. எழுந்து போயிடுவோம்" என்றார். ரோபோ பிடித்ததற்குக் காரணமும் அதுதான். ரோபோ பேசாது. அடிக்கும், பறக்கும், விரலிலிருந்து ராக்கெட் விடும். அதற்கு மொழி தேவையில்லை. ஸ்டார் ட்ரெக்கில் சண்டையைவிட வாதம் அதிகம். போர் சரியா, வேற்று கிரகத்தார் வாழ்க்கையில் நாம் தலையிடலாமா என்று பேசுவார்கள். அந்தப் பகுதி முழுக்க எங்க ஊர் ஜன்னலில் வெறும் சத்தமாகப் போய்விட்டது. ஒரே அலை, ஒரே பெட்டி, ஆனால் சென்னையில் கான்வென்ட் படித்த பிள்ளைக்கு ஒன்று கிடைத்தது, திருப்புட்குழி பிள்ளைக்கு வேறொன்று கிடைத்தது.

இத்தனைக்கும் தமிழில் அறிவியல் கதைக்கு ஆள் இல்லாமல் இல்லை. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-லேயே இங்கிலாந்துக் கதையான "இரும்புக்கை மாயாவி"யைத் தமிழில் கொண்டுவந்துவிட்டது. 1984-ல் வந்த லயன் காமிக்ஸில் ஆர்ச்சி என்ற ரோபோ, பிள்ளைகள் செல்லமாக "சட்டித்தலையன்" என்பார்கள். இங்கிலாந்து ரோபோ சுத்தத் தமிழில் சவடால் விட்டுக்கொண்டிருந்தது. சுஜாதா "என் இனிய இயந்திரா"வில் ஜீனோ என்ற ரோபோ நாயைப் பேச வைத்தார். அது தூர்தர்ஷனில் தமிழ்த் தொடராகவும் வந்தது.

ஆக, மொழி பெயர்க்க ஆட்கள் இருந்தார்கள், ரசிக்கவும் ஆட்கள் இருந்தார்கள். சிவகாசியில் ஒரு சின்ன அச்சகம் செய்ததை, அத்தனை பெரிய தூர்தர்ஷன் வெளிநாட்டுத் தொடர்களுக்குச் செய்யவில்லை. எனக்கு இதுதான் மனத்தாங்கல். செயற்கைக்கோள் வந்துவிட்டது, கோபுரம் வந்துவிட்டது, பெட்டி வந்துவிட்டது. மொழி மட்டும் கடைசியில்தான் வந்தது.

மொழி வந்த நாள்

1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி தொடங்கியது. 1995-ல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு ஆங்கிலத்தில் வந்து, சில வருடங்கள் கழித்துத் தமிழ் பேச ஆரம்பித்தது. 2004 டிசம்பரில் டூன் டிஸ்னி தமிழிலும் தெலுங்கிலும் வந்தது. 2007 ஏப்ரலில் சுட்டி டிவி. ஜாக்கி சான் கார்ட்டூனைத் தமிழில் பார்த்து வளராத அண்ணன், அக்கா யாராவது நம்ம காலேஜில் இருக்கிறார்களா?

பவர் ரேஞ்சர்ஸ் தமிழில் வந்தது நினைவிருக்கா? அதில் வரும் ராட்சத ரோபோ சண்டைகள் பெரும்பாலும் ஜப்பானில் எடுத்தவை. எடுத்த கம்பெனி எது தெரியுமா? டோய். பெரியப்பாவின் ரோபோவை எடுத்த அதே கம்பெனி! ஒரு தலைமுறை கழித்து அதே வீட்டுக்கு இன்னொரு ரோபோவை அனுப்பியிருக்கிறார்கள், இந்தத் தடவை தமிழ் பேசி.

டப்பிங் மட்டும் போதாது, வீட்டில் பெட்டி இருக்கணுமே. 2006 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. 2011 வரைக்கும் ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். வீண் செலவு என்று திட்டியவர்கள் உண்டு, ஓட்டுக்காக என்று சொன்னவர்களும் உண்டு. அதைப் பத்தி வாதம் செய்ய நான் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். எங்க வீட்டில் அதுதான் முதல் கலர் டிவி. எங்க அண்ணன் அடுத்த வீட்டு ஜன்னலில் நிற்கவில்லை.

ரோபோ என்ன ஆச்சு?

பெரியப்பா ஏன் முடிவைப் பார்க்கவில்லை? கேட்டேன்.

காஞ்சிபுரம் கோர்வைப் புடவை தெரியும் இல்லையா? உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதை நெய்ய மூன்று நாடா வேண்டும். நெய்பவர் ஒருத்தரால் முடியாது, பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரைப் பக்கத்து நாடாவைத் தள்ளணும். அந்த இன்னொரு ஆள் பெரும்பாலும் ஒரு பையன். எங்க பெரியப்பாவும் அப்படி ஒரு பையன்தான், பத்து வயதில். தறி ஆரம்பித்துவிட்டால் நடுவில் எழ முடியாது. அவர் எழுந்தால் தாத்தாவின் வேலையும் நிற்கும், கூலியும் நிற்கும். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. ஆனால் வீட்டில் குடும்பத்தோடு செய்கிற வேலைக்கு அதில் விலக்கு இருந்தது.

"முகூர்த்த சீசன், அவசர சேலை. முதலாளி வீட்டுலதான் தறி, கூடத்துல டிவி ஓடுது, எனக்குக் காதுல விழுது. சங்கீதம் ஒரு மாதிரி சோகமாப் போச்சு. என்னமோ ஆயிடிச்சுன்னு தெரியுது. எழுந்துக்க முடியல. மறு வாரம் அந்த நேரத்துல வேற எதோ போட்டுட்டான்."

அவ்வளவுதான். நாற்பது வருடம்.

தேடி எடுத்துக் காட்டினேன். கடைசிப் பகுதியில், பூமியை அழிக்க வந்த கில்லட்டின் சக்கரவர்த்தியை யாராலும் சுட முடியாது. சுட்டால் அவன் வெடித்து பூமியே போய்விடும். அப்போது ரோபோ, பையன் சொல்லாமலேயே, முதல் தடவையாகத் தானாக முடிவெடுத்து அவனைத் தூக்கிக்கொண்டு வானத்துக்குப் பறக்கிறது. பையன் திரும்பி வரச் சொல்லிக் கத்துகிறான். ரோபோ கேட்கவில்லை. விண்வெளியில் போய் வெடித்துவிடுகிறது.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஜடாயு மாதிரி" என்றார். அப்புறம், "இப்ப என்னா சொன்னான் அந்தப் பையன்? திருப்பிப் போடு" என்றார். நான் ஒவ்வொரு வசனமாக நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். பத்து நிமிடக் காட்சிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. தறிக்குத் திரும்பிப் போக அவருக்கு அவசரம் இல்லை.

வெளிநாட்டுக் கதை நம்ம ஊருக்கு எப்படி வந்தது என்று கேட்டால் செயற்கைக்கோள், கோபுரம், ஆன்டெனா என்று நீளமாகப் பட்டியல் போடலாம். நானும் மேலே அதைத்தான் செய்தேன். ஆனால் எங்க வீட்டைப் பொறுத்த வரைக்கும் அந்தக் கதை போன மாதம்தான் முழுசாக வந்து சேர்ந்தது.

உங்க வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்க. பாதியில் விட்ட தொடர், புரியாமல் பார்த்த தொடர் ஏதாவது கண்டிப்பாக இருக்கும். பின்னூட்டத்தில் எழுதுங்க. முடிவு தெரிந்தால் நானே தேடிச் சொல்கிறேன்.

அடுத்த கட்டுரை ஜக்கார்டு தறியின் அட்டைக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்பதைப் பத்தி. செமஸ்டர் முடிந்ததும் சந்திப்போம்!